கரைத்து வைக்கவும்

இதனால் சகலமான பேர்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: மனிதகுலம் தோன்றிய நாள் முதலாகத் தீராமல் இருந்துவரும் வளர்ச்சிப் பிரச்சினையானது, வருகிற செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, செவ்வாய்க் கிரகத்தின் நான்காம் குமிழ்ப் பொது மண்டபத்தில், நிரந்தரமாகத் தீர்த்துவைக்கப்படும். தீர்த்துவைப்பவர்: தலைமைப் புரதவியல் ஆலோசகர் முனைவர் பூவராகன் அவர்கள். தீர்வுக்குப் பின் சுண்டல் வழங்கப்படும். அனைவரும் வருக.

அறிவிப்பை எழுதியவர் பூவராகனேதான். 'அவர்கள்' என்ற சொல்லை வேறு யாராவது சேர்ப்பார்கள் என்று இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார். யாரும் சேர்க்கிற வழியாகத் தெரியவில்லை. மூன்றாம் நாள் தானே சேர்த்து, தானே சுவரில் ஒட்டிவிட்டு வந்தார். ஒட்டுவதற்கு நாற்காலி தேவைப்பட்டது. ஐந்தடி ஒரு அங்குல மனிதர் மனிதகுலத்தின் வளர்ச்சிக்குத் தீர்வு சொல்வது எங்கேயோ இடிக்கிறதே என்று யாராவது கேட்டால் சொல்ல ஒரு பதிலும் வைத்திருந்தார்: "வழுக்கைத் தலைக்காரன் கூந்தல் தைலம் விற்கக் கூடாதுன்னு சட்டமா?" கண்ணாடி முன் நின்று இரண்டு முறை சொல்லிப் பார்த்த பிறகுதான், அந்தப் பதில் தன் கட்சிக்கே எதிராகப் போவது அவருக்கு உறைத்தது. விட்டுவிட்டார்.

குமிழில் மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். விழாவுக்கு நூற்றுத் தொண்ணூறு பேர் வந்தார்கள். இவர்களில் மனிதகுலத்துக்காக வந்தவர்கள் எத்தனை பேர், சுண்டலுக்காக வந்தவர்கள் எத்தனை பேர் என்று பூவராகனால் முதலில் கணிக்க முடியவில்லை. பேச்சின் நடுவே அவர் 'இறுதியாக' என்று சொன்னபோது எழுந்த கைதட்டலில் ஓரளவு விளங்கியது.

பிரச்சினை என்னவோ உண்மையான பிரச்சினைதான். செவ்வாயில் ஆடுமாடு கிடையாது, கோழி கிடையாது, மீன் கிடையாது. பாலும் முட்டையும் படத்தில் பார்ப்பதோடு சரி. புவியீர்ப்பு குறைவாக இருப்பதால் அங்கே பிறக்கும் பிள்ளைகள் தென்னைபோல வளர்வார்கள் என்று பூமியில் இருந்த நிபுணர்கள் எழுதியிருந்தார்கள். பிள்ளைகளோ தொட்டியில் வைத்த கறிவேப்பிலைபோல நிதானமாக வளர்ந்தார்கள். பதினான்கு பிள்ளைகள், பதினான்கு பேரும் பூமியின் உயர அட்டவணைக்கு இரண்டு விரல்கடை கீழே.

இரண்டு விரல்கடையில் என்ன வந்துவிடும் என்றால், விண்ணுடை வந்துவிடும். இருப்பதிலேயே சிறிய விண்ணுடை நூற்றுப்பத்து சென்டிமீட்டர் உயரத்துக்குத்தான் தைக்கப்படுகிறது. குமிழில் ஓட்டை விழுந்தால் விண்ணுடை இல்லாத பிள்ளையைக் காப்பாற்ற வழி இல்லை. ஆகவே விதி: ஏழு வயது நிறைந்தும் நூற்றுப்பத்தைத் தொடாத பிள்ளை, பெற்றவரில் ஒருவரோடு, அடுத்த கப்பலில் பூமிக்குப் போக வேண்டும். அடுத்த கப்பலுக்கு ஒரு வருஷம் இருந்தது. அதற்குள் ஏழு வயது நிறையப்போகிறவள் ஒருத்திதான். பெயர் இசக்கி. உயரம் நூற்றாறு புள்ளி நான்கு. பொதுச் சமையலறையை நடத்தும் கோவில்பட்டி செண்பகவல்லியின் மகள். அப்பா வடக்கே பனிக்கட்டி தோண்டும் பிரிவில் இருந்தார். ஒப்பந்தம் முடிய இன்னும் எட்டு வருஷம்.

விழாவில் சுண்டல் பாத்திரத்தோடு ஓரமாக நின்றுகொண்டிருந்தவள் அந்தச் செண்பகவல்லிதான்.

"நவக்கிரகம் மாதிரி வச்சுக்கோங்க," என்றார் பூவராகன் மேடையில். "நம்ம உடம்பால தானாச் செய்ய முடியாத அமினோ அமிலங்கள் மொத்தம் ஒன்பது. சாப்பாட்டுலதான் வரணும். அதுல ஒருத்தர் குறைஞ்சாலும் மத்த எட்டுப் பேரும் வேலை செய்யாமக் கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்துருவாங்க. பிள்ளை வளராது. அரிசியில லைசின்னு ஒருத்தர் கம்மி. பருப்புல மெத்தியோனின்னு ஒருத்தர் கம்மி. ரெண்டையும் கணக்குப் பாத்துச் சேர்த்தா, இவர் இல்லாத இடத்துல அவர், அவர் இல்லாத இடத்துல இவர்."

"அப்ப, சோத்துல சாம்பார ஊத்தித் திங்கோம்லா சார், அதத்தான சொல்லுதீங்க?" என்றாள் செண்பகவல்லி. அவள் கிண்டலாகக் கேட்கவில்லை. அதனாலேயே கூட்டம் சிரித்தது.

"அது பழக்கம்மா. இது விஞ்ஞானம். பழக்கத்துக்கு யாரும் மார்க் போடறதில்ல. என்னோட கலவை எண் நாற்பத்தேழுல பதினோரு தாவரப் புரதம் இருக்கு. கணினி போட்ட மார்க் நூத்துக்கு நூறு. பாலுக்கும் முட்டைக்கும் சமம்."

முதல் நாற்பத்தாறு கலவைகளுக்கு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. நாற்பத்தாறாவது கலவை ஆய்வகத் தரையில் கொட்டிக் காய்ந்து, இன்னும் சுரண்ட முடியாமல் அங்கேயேதான் இருந்தது.

நூற்றுக்கு நூறு எடுப்பதற்காக ஒரு சிறிய ஏற்பாடு தேவைப்பட்டது. குமிழில் விளையும் துவரை, உளுந்து, பயறு, கடலை அனைத்தும் அன்று முதல் புரதப் பிரிவுக்கே வந்து சேர வேண்டும். அதாவது, சமையலறைக்குப் பருப்பு கிடையாது. இதை அவர் பேச்சின் கடைசி வரியாக, வேகமாகச் சொல்லி முடித்தார். தாங்கள் கொறித்துக்கொண்டிருப்பது கடைசிச் சுண்டல் என்பது மக்களுக்குப் பாதிச் சுண்டலில்தான் புரிந்தது.

மறுநாள் முதல் பிள்ளைகள் சாப்பிடும் கூடத்தில் ஓர் இயந்திரம், தினமும் காலை பதினான்கு டம்ளர் கலவையை ஊற்றி வைத்தது. நிறம் சாம்பல். மணம், ஈரச் சுவரில் பெயிண்ட் அடித்த மாதிரி. பூவராகன் அதை ஒரு வாய்கூடக் குடித்ததில்லை. "ஆராய்ச்சி பண்றவன் குடிச்சா ஒருதலைச் சார்பு வந்துரும்" என்பது அவர் கொள்கை. பிள்ளைகள் குடிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்கவும் மாட்டார். பார்த்தால் பிள்ளைகள் கூச்சப்படுவார்கள், முடிவு கெட்டுவிடும். அரை மணி நேரம் கழித்துப் போய் டம்ளர்களை எண்ணுவார். பதினான்கும் காலியாக இருக்கும். 'உட்கொள்ளல்: நூறு சதவீதம்' என்று பதிவேட்டில் எழுதுவார். "காலி டம்ளர் பொய் சொல்லாது" என்று பெரிய எழுத்தில் எழுதி ஆய்வகத்திலும் மாட்டிவைத்தார்.

ஆறு மாதம் ஓடியது. அந்த ஆறு மாதத்தில் நான்காம் குமிழில் ஒன்றே ஒன்றுதான் வளர்ந்தது. பிள்ளைகளின் கூடத்து வாசலில் பெரிய தொட்டியில் நின்ற முருங்கை. இடுப்பளவில் இருந்த செடி மரமாகிக் கூரையை முட்டி, வளைந்து, பக்கத்து அறைக்கும் எட்டிப் பார்த்தது. விவசாயப் பிரிவு அதைத் தங்கள் புதிய விளக்கு அட்டவணையின் வெற்றி என்று அறிவித்துக் கேடயம் வாங்கிக்கொண்டது. பூவராகனுக்கு அன்று மதியச் சாப்பாடு இறங்கவில்லை. அவர் ஒரு கிரகத்துக்கே புரதம் கலக்கிக்கொண்டிருக்க, கேடயம் முருங்கைக்கீரைக்கா?

அளவெடுக்கும் நாள் வந்தது. இசக்கி சுவரோடு ஒட்டி நின்றாள்.

"குதிகாலக் கீழ வை."

"வச்சாச்சு சார் மாமா."

"வைக்கல. எனக்குத் தெரியுது."

"கொஞ்சம் போலத்தான் தூக்கிருக்கேன்," என்றாள் இசக்கி. "மத்தப் பாதி தரையிலதான நிக்கு?"

நூற்றாறு புள்ளி ஆறு. ஆறு மாதத்தில் இரண்டு மில்லிமீட்டர். பூவராகன் அளவுகோலைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அளவுகோல் தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. மற்ற பதின்மூன்று பேரும் ஏறத்தாழ அப்படியே. கலவையில் குறை இருக்க வழியில்லை. கணினியே நூறு போட்டிருக்கிறது. ஆகவே குறை பிள்ளைகளிடம்தான் என்று ஓர் இடைக்கால அறிக்கையைத் தயாரித்துக்கொண்டு அவர் நடைக்கூடம் வழியாக வந்தபோது, இசக்கி எதிரே நடந்து வந்தாள். முதுகிலும் வயிற்றிலும் இரண்டு கால்களிலும் துணிப்பை கட்டியிருந்தது. ஒவ்வோர் அடிக்கும் மூச்சு வாங்கியது. பின்னாலேயே செண்பகவல்லி, பிடிக்காமல், விழுந்தால் பிடிக்கத் தயாராகக் கையை நீட்டியபடி.

"என்னம்மா இது?"

"சரளைக்கல்லு சார். பூமிக்குப் போனா இவ வெயிட்டு ரெண்டரை மடங்கு ஆயிருமாம்லா? டாக்டரம்மா சொன்னாங்க. அங்கன போய் எந்திரிச்சு நிக்கவே மாட்டாளாம். அதான், இப்பமே பழகட்டும்னு தினம் ஒருக்கா நடக்க விடுதேன்."

"நாலு பை கட்டியாச்சு சார் மாமா," என்றாள் இசக்கி பெருமையாக. "கப்பல் வாரதுக்குள்ள ஏழு கட்டிருவேன்."

பூவராகன் இடைக்கால அறிக்கையை மடித்துப் பைக்குள் வைத்தார். மடிக்கும்போது தாள் சத்தம் போட்டது. தன் வாழ்நாளில் எழுதிய அறிக்கைகளில் ஒன்றாவது இப்படிச் சத்தம் போட்டதாக அவருக்கு நினைவில்லை.

மறுவாரம் இயந்திரத்தின் குழாய் அடைத்துக்கொண்டது. உள்ளே கலவை சிமெண்டாக இறுகியிருந்தது. உதிரிபாகம் கப்பலில்தான் வர வேண்டும். வேறு வழியில்லாமல், கலக்கும் வேலையைச் சமையலறையிடம் விடுவது என்று முடிவாயிற்று. சமையலறைப் பக்கம் போவதில்லை என்பது பூவராகனின் இன்னொரு கொள்கை; தாளிக்கும் வாசனை சிந்தனையைக் கெடுக்கும். மூன்று மூட்டை கலவைத் தூளை அனுப்பி, கூடவே ஒரு சீட்டு அனுப்பினார். தூள் இரவெல்லாம் தண்ணீரில் ஊறினால் கட்டி தட்டாது என்று நினைத்து, இப்படி எழுதினார்:

'மாவைக் கரைத்து வைக்கவும். காலையில் பிள்ளைகளுக்குக் கொடுக்கவும். — பூ.'

அடுத்த மாத அளவெடுப்பில் இசக்கி நூற்றேழு புள்ளி மூன்று. பூவராகன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மாட்டினார். அதற்கடுத்த மாதம் நூற்றெட்டைத் தாண்டினாள். பிள்ளைகளின் கால்சட்டைகளெல்லாம் ஏறிக்கொண்டே போயின. ஐந்தாம் மாதம், கப்பல் புறப்படப் பதினெட்டு நாள் இருக்கும்போது, நூற்றுப்பத்து புள்ளி மூன்று. குதிகால் தரையில்தான் இருந்தது. பூவராகன் குனிந்து, அடியில் ஒரு தாளை நுழைத்தே பார்த்துவிட்டார். நுழையவில்லை. அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். எழுந்தபோது கண்ணைத் துடைத்தார் என்று சொல்பவர்கள் உண்டு. தூசி என்று அவர் சொன்னார். குமிழுக்குள் தூசி கிடையாது.

பிறகு அவர் பழைய பூவராகன் ஆனார். வெற்றிக்குக் காரணம் இரவெல்லாம் தண்ணீரில் ஊறியது என்று முடிவுகட்டி 'வைகறை நீரேற்றக் கோட்பாடு' என்று அதற்குப் பெயர் வைத்தார். மறுபடி நாற்காலி போட்டு அறிவிப்பு ஒட்டினார். இந்த முறை சுண்டல் இல்லாததால் எழுபது பேர்தான் வந்தார்கள். ஆனால் முதல் குமிழிலிருந்து ஆணையர் லூர்துசாமி நேரிலேயே வந்திருந்தார். கிரகத்தின் உயிர்ப் பாதுகாப்பு முழுக்க அவர் பொறுப்பு. செருப்பின் அடியைக்கூட அனுமதிச் சீட்டோடுதான் உள்ளே விடுவார்.

"இந்தப் பச்சிளம் தளிர், கலவை எண் நாற்பத்தேழை உங்கள் கண்முன்னால் அருந்தும்," என்றார் பூவராகன். அவரே காலையில் தண்ணீர் ஊற்றிக் கலக்கிக் கொண்டுவந்த டம்ளரை இசக்கியிடம் நீட்டினார்.

இசக்கி முகர்ந்தாள். "அய்ய! இதா? இத நாங்க குடிக்க மாட்டோமே."

கூட்டம் சிரித்தது. பூவராகனும் சிரிப்பதுபோல வாயை வைத்துக்கொண்டார். "அஞ்சு மாசமா தினம் காலையில இதைத்தானேம்மா சாப்பிடற?"

"இல்ல சார் மாமா. காலையில நாங்க பணியாரம்லா திங்கோம்."

ஆணையர் லூர்துசாமி மெதுவாக எழுந்து, "பணியாரமா?" என்றார்.

எல்லோரும் சமையலறைக்குப் போனார்கள். அடுப்பின் மேல், பழைய ராக்கெட் மூடி ஒன்றில் ஏழு குழி தட்டிச் செய்த பணியாரக்கல் இருந்தது. வெந்நீர்க் குழாயை ஒட்டி, கதகதப்பான மூலையில், ஒரு பெரிய பாத்திரம். லூர்துசாமி மூடியைத் திறந்தார். உள்ளே மாவு பாதிப் பாத்திரத்திலிருந்து விளிம்புவரை பொங்கி நின்றது. ஒரு குமிழி எழுந்து, நிதானமாக வெடித்தது. பின்னாலேயே இன்னொன்று.

லூர்துசாமி ஓர் அடி பின்னால் வைத்தார். "என்ன டாக்டர் இது, மூச்சு விடுது?"

செவ்வாயில் உயிர் இருக்கிறதா என்று நூறு வருஷமாகத் தேடியிருக்கிறார்கள். பாறையைத் துளைத்தார்கள், பனியை உருக்கினார்கள். அது நான்காம் குமிழின் சமையலறையில், உப்புப் போட்டு மூடிவைத்த பாத்திரத்தில் இருந்தது.

"நீங்கதான சார் எழுதிக் குடுத்திய?" செண்பகவல்லி இடுப்பில் செருகியிருந்த சீட்டை எடுத்து நீட்டினாள். "மாவு கரைச்சு வைக்கணும், காலையில பிள்ளைகளுக்குக் குடுக்கணும்னு. மாவு கரைச்சு வைக்கிறதுன்னா என்ன? உப்பப் போட்டுக் கையால கரைச்சு மூடி வச்சேன். காலையில பொங்கிட்டு. நாலு முருங்கைக்கீரைய உருவிப் போட்டு ஊத்திக் குடுத்தேன். பிள்ளைக தட்டையும் சேத்து நக்கிருதுக."

"இந்த நுண்ணுயிரிய எங்கேருந்து கொண்டுவந்தீங்க?" லூர்துசாமி பதிவேட்டைத் திறந்தார்.

"நான் ஒண்ணுங் கொண்டுவரல சார்."

"அப்ப இது எப்படி வந்தது?"

செண்பகவல்லி தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தாள். "கைதான் சார். எனக்குச் சூட்டுக் கை. எங்க ஊருலயே நான் கரைச்சா சீக்கிரம் புளிச்சிரும்."

லூர்துசாமி எழுதத் தொடங்கி நிறுத்தினார். தடை செய்யப்பட்ட பொருளைப் பறிமுதல் செய்யும் படிவத்தில் கைக்கு இடம் இல்லை. ஆனால் விதி எண் ஒன்பதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை: பட்டியலில் இல்லாத எந்த உயிரையும் குமிழுக்குள் வளர்ப்பவர், தன்னைச் சார்ந்தவர்களோடு அடுத்த கப்பலில் பூமிக்குப் போக வேண்டும். இன்னும் இரண்டே வாரத்தில்.

இசக்கி யாரும் சொல்லாமலே கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய சரளைக்கல் பைகளை எடுத்து ஒவ்வொன்றாகக் கீழே வைக்க ஆரம்பித்தாள். சில வாரமாகத் தொடாததில் முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து இழுத்தாள்.

"டாக்டர், உங்க சீட்டுதான் ஆதாரம்," என்றார் லூர்துசாமி. "தண்ணியில கலக்கி வைங்கன்னுதான நீங்க எழுதினது? இந்தம்மா அதை மீறிப் புளிக்க வச்சிருக்காங்க. 'ஆமா'ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, உங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்ல."

ஒரு வார்த்தை. பூவராகன் மனசுக்குள் அதைச் சொல்லியும் பார்த்தார், சுலபமாகத்தான் இருந்தது. சொன்னால் நூற்றுக்கு நூறு பத்திரம். வைகறை நீரேற்றக் கோட்பாடு பத்திரம். பூமியின் பேரவையில் ஆற்றுவதற்காக எழுதிவைத்த, 'நான் ஓர் எளியவன்' என்று தொடங்கும் நாற்பது பக்க ஏற்புரையும் பத்திரம். தட்டில் ஆறிப்போன ஒரு பணியாரம் கிடந்தது. பேசாமல் நிற்பதற்கு ஏதாவது காரணம் வேண்டுமே என்று அதை எடுத்து வாயில் போட்டார். பதினோரு வருஷ ஆராய்ச்சியில், தன் கலவையை அவர் வாயில் போடுவது அதுதான் முதல் தடவை.

மெல்லிய புளிப்பு. ஓரம் மொறுமொறுவென்றும் உள்ளே பஞ்சாகவும் இருந்தது. கீரை வாசனை. அவர் இரண்டாவதை எடுத்தார். அது கீழே விழுந்திருந்தாலும் எடுத்திருப்பார்.

"ஆணையர் அவர்களே," என்றார், வாயைத் துடைத்துக்கொண்டு. தம் வாழ்நாள் ஆணவம் அத்தனையையும் திரட்டித் தொண்டையில் வைத்துக்கொண்டார். நல்ல காரியத்துக்கு அது பயன்பட்டது அன்றைக்குத்தான். "நீங்க எந்த ஊர்?"

"திருச்சி. எதுக்கு?"

"உங்க வீட்டுல 'மாவு கரைச்சு வை'ன்னு சொன்னா என்ன அர்த்தம்?"

லூர்துசாமி யோசித்தார். "...புளிக்க வைக்கணும்."

"அதைத்தான் எழுதினேன். அந்தம்மா எழுத்துப் பிசகாம செஞ்சிருக்காங்க."

"உங்க இருநூறு பக்க ஆய்வறிக்கையில 'புளிப்பு'ங்கற வார்த்தையே கிடையாதே, டாக்டர்?"

"சோறு வடிக்கவும்னு எழுதினா, அடுப்பைப் பத்த வைக்கவும்னு தனியா எழுதுவாங்களா? அந்த உயிரை வளர்க்கச் சொன்னது நான். பட்டியல்ல சேர்க்க மறந்ததும் நான். குற்றம் என்மேல எழுதுங்க. எனக்குச் சார்ந்தவங்க யாரும் கிடையாது, அனுப்பறதுக்கும் சுலபம்."

செண்பகவல்லி அவரை வெறித்துப் பார்த்தாள். "சார், நீங்க..."

"நீங்க சும்மா இருங்கம்மா. விஞ்ஞானம் பேசிட்டிருக்கோம்."

விசாரணை ஒரு வாரம் நடந்தது. பூவராகன் படிவம் பன்னிரண்டைப் பின்தேதியிட்டுப் பூர்த்தி செய்தார். உயிரினத்தின் பெயர்: மாவுப் புளிப்பு. எண்ணிக்கை: எண்ணவில்லை. வாழிடம்: செண்பகவல்லியின் வலது கை. அபாயம்: காலையில் பசி எடுக்கும். லூர்துசாமி இரண்டு தடவை பேனாவை மூடிவைத்தார். பிறகு, கடைசி நாள் காலையில், யாரும் கேட்காமலே ஒரு தட்டுப் பணியாரத்தோடு உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார். யாரையும் பூமிக்கு அனுப்ப வேண்டியதில்லை என்று தீர்ப்பாயிற்று. பருப்பும் பயறும் சமையலறைக்குத் திரும்பின. சமையலறையே புரதத்தைப் பார்த்துக்கொள்வதால் தலைமைப் புரதவியல் ஆலோசகர் பதவி தேவையில்லை என்று நீக்கப்பட்டது. அந்தப் பதவியில் இருந்தவருக்கு மாவரைக்கும் வேலை கொடுக்கப்பட்டது.

கப்பல், இசக்கி இல்லாமல் கிளம்பிப்போனது. சரளைக்கல் பைகள் முருங்கைத் தொட்டிக்கு முட்டுக்கொடுக்கப் பயன்பட்டன. அந்த முருங்கை இப்போதெல்லாம் முன்போல வளரவில்லை. ஐந்தாறு மாதமாக ஓர் அங்குலம்கூட இல்லை. விவசாயப் பிரிவு விளக்கு அட்டவணையை நான்கு முறை மாற்றிப் பார்த்தது. கேடயத்தைத் திருப்பிக் கேட்கலாமா என்று ஒரு பேச்சு இருப்பதாகக் கேள்விப்பட்டுப் பூவராகன் அன்று இரண்டு பணியாரம் கூடுதலாகச் சாப்பிட்டார்.

மாவரைக்கும் வேலையில் மனிதருக்கு நிறைய நேரம் கிடைத்தது. நேரம் கிடைத்தால் பூவராகன் கோட்பாடு செய்வார். இரண்டே வாரத்தில் 'கைவழிப் புளிப்புக் கோட்பாடு' உருவாகிவிட்டது. அவர் முன்னைவிடப் பணிவானவர் ஆகிவிட்டார். இந்த முறை ஏற்புரை இருபது பக்கம்தான்.

"பாருங்கம்மா, எவ்வளவு சுத்தமான சோதனை இது," என்றார் ஒரு நாள் காலை, ஓடிக்கொண்டிருந்த கிரைண்டர் சத்தத்துக்கு மேலாக. "அதே பதினாலு பிள்ளைகள். அதே கலவை. அதே அளவு. ஆறு மாசம் பச்சையாக் குடிச்சாங்க, வளரல. அஞ்சு மாசம் புளிச்சதைத் தின்னாங்க, வளர்ந்தாங்க. ஏன்? பயறுக்குள்ள புரதத்தைப் பூட்டி வைக்கிற சரக்கெல்லாம் இருக்கு. மார்க் போடறப்ப நான் அதைப் பாக்கல. என் தப்பு, ஒத்துக்கறேன். உங்க கை அந்தப் பூட்டைத் திறந்துருச்சு. உலகத்துலயே இப்படி ஒரு ஒப்பீடு கிடையாது."

"என் கையா?" செண்பகவல்லி உள்ளங்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. "என்னமோ சொல்லுதீங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு."

இசக்கி பணியாரத்தை மென்றுகொண்டே அவர் எழுதிய தாளை எழுத்துக்கூட்டி வாசித்தாள். நூற்றுப் பதினொன்றாகி இருந்தாள். மேசையை எட்டுவதற்கு இப்போது எக்க வேண்டியதில்லை.

"சார் மாமா, இங்கன 'பிள்ளைகள் குடித்தபோது'ன்னு போட்டிருக்கீங்க."

"ஆமா. ஆறு மாசம் குடிச்சீங்கல்ல?"

இசக்கி மெல்லுவதை நிறுத்தினாள். எதிரே, கூடத்து வாசலில் இருந்த தொட்டியை ஒரு தடவை பார்த்தாள். அம்மாவை ஒரு தடவை பார்த்தாள்.

"தினம் நானே எண்ணினேன்மா," என்றார் பூவராகன். "பதினாலு டம்ளரும் காலி."

"காலிதான்," என்றாள் இசக்கி.

அந்த ஆறு மாதமும் கலவை எண் நாற்பத்தேழைக் குடித்தது முருங்கை.